பொன்வண்டு செத்த பிறகு

திருவண்ணாமலைப் பக்கம் ஆடி கழிந்து நல்ல மழை இரண்டு இறங்கிவிட்டால், வேல மரத்திலும் உடைமரத்திலும் பொன்வண்டு தலைகாட்டும். ஆவணியிலிருந்து ஐப்பசி வரை அதன் காலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு, கொடுக்காப்புளி இலையைக் கிள்ளிப் போட்டு வளர்ப்பார்கள். கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவிடுவதும் உண்டு. அது வண்டுக்கு நல்லதில்லை என்று சொன்னால் கேட்கிற வயதா அது? பெட்டிக்குள் முட்டை வைத்துவிட்டால் அன்றைக்கு வகுப்பில் பெட்டிக்காரன் சொல்வதுதான் சட்டம். முழு வளர்ச்சி அடைந்த வண்டின் ஆயுள் சில வாரங்கள்தான். ஒருநாள் காலையில் பெட்டியைத் திறந்தால் வண்டு மல்லாந்து கிடக்கும். கால்கள் மடங்கியிருக்கும், உணர்கொம்பு விறைத்திருக்கும். நிறம் மட்டும் நேற்று இருந்தபடியே இருக்கும்.

இறந்த பிராணியை என்ன செய்வது என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கும், வள்ளி என்ற மானுக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும், ஒரு காகத்துக்கும் சமாதி இருக்கிறது. லட்சுமி இறந்தது 1948 ஜூன் 18. ரமணரின் வாழ்க்கையில் பூச்சிகளுக்கும் இடம் உண்டு. 1896இல் இளைஞராக வந்து, ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய தொடைகளைப் பூச்சிகள் அரித்துப் புண்ணாக்கின. பின்னொரு நாள் மலையில் நடக்கையில் புதருக்குள் இருந்த குளவிக்கூட்டில் அவர் கால் பட்டது. கூட்டைக் கலைத்த காலுக்கு இது வேண்டியதுதான் என்று, குளவிகள் கொட்டி முடிக்கும்வரை அவர் அசையாமல் நின்றதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இருந்தும் அந்தச் சமாதி வரிசையில் பூச்சி இல்லை. பூச்சிக்கு அது தேவைப்படவும் இல்லை. பசு இறந்தால் மண்ணுக்குள் போயே ஆக வேண்டும். பொன்வண்டு நேராக அலமாரிக்குப் போகலாம்.

காரணம் உடம்பின் அமைப்பு. நமக்கு எலும்பு உள்ளே, சதை வெளியே. பூச்சிக்கு எல்லாம் தலைகீழ்: வெளியே கூடு, உள்ளே சதை. அந்தக் கூடு கைட்டின் என்ற நார்ப்பொருளால் ஆனது. செடிகொடிகளில் செல்லுலோஸ் எப்படியோ அப்படிப் பூச்சிகளில் கைட்டின். இரண்டுமே சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்துக்கொண்ட சங்கிலிகள். கைட்டின் தனியாக இருந்தால் வளையும், மெத்தென்றிருக்கும். தோலுரித்துப் புதிதாக வெளிவரும் பூச்சி வெளிறிப்போய்த் தொட்டால் அமுங்குவது அதனால்தான். அடுத்த சில மணி நேரத்தில், கைட்டின் நார்களுக்கு இடையே உள்ள புரதங்களை வேறு சில வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகின்றன. கூடு கெட்டியாகிறது, கறுக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆட்டுத்தோலைப் பதனிடும்போது நடப்பதும் ஏறத்தாழ இதே வேலைதான். வண்டு அதைத் தன் உடம்பிலேயே, உயிரோடிருக்கும்போதே முடித்துவிடுகிறது. ஆக, நாம் கையில் எடுக்கும்போது அது பாதி பதப்படுத்தப்பட்ட சரக்கு. மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு வேறு. உள்ளே இருக்கும் கொஞ்சம் சதை அழுகுவதற்குள் காய்ந்துவிட்டால் போதும்.

நிறம் போகாததற்குக் காரணம் வேறு. நம் பக்கத்தில் இரண்டு வகைப் பொன்வண்டுகள் சாதாரணமாகக் கிடைக்கும். ஒன்று உடல் முழுக்கப் பச்சையாக, முதுகில் வெளிர்புள்ளிகள் போட்டது. இன்னொன்று தலையும் கழுத்தும் பச்சை, முதுகு செம்பழுப்பு. இரண்டும் ஸ்டெர்னோசெரா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தப் பச்சையை எவ்வளவு சுரண்டினாலும் பச்சைச் சாயம் கிடைக்காது. கூட்டின் மேற்பரப்பில், ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகளில் பச்சை மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கிறது. மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வண்டைச் சாய்த்துப் பார்த்தால் பச்சை நீலத்தை நோக்கி நகர்வதும் இதனால்தான்: ஒளி அடுக்குகளுக்குள் போய்வரும் பாதைக் கணக்கு மாறுகிறது. சாயம் வெயிலில் வெளிறும். அடுக்கு கலையாத வரை இந்த நிறம் வெளிறாது. ஜெர்மனியின் மெசல் குழியில் ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுப் பழைய பொன்வண்டுப் புதைபடிவங்கள் நீலமும் பச்சையுமாக மின்னிக்கொண்டே வெளிவந்திருக்கின்றன.

இவ்வளவு மினுக்கிக்கொண்டு ஒரு பூச்சி எப்படிப் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது? பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதைச் சோதித்தார்கள். நம் பொன்வண்டின் ஆசிய உறவுக்கார வண்டு ஒன்றின் இறகுமூடிகளையும், ஒரே நிறம் பூசிய போலி மூடிகளையும், அடியில் புழுவை வைத்துக் காட்டு இலைகளில் பொருத்தினார்கள். பறவைகள் போலிகளைக் கூடுதலாகக் கொத்தின. நிறம் மாறி மாறி மின்னியது கூடுதலாகத் தப்பியது. மனிதர்களைத் தேடவிட்டபோதும் மின்னுவதைக் கண்டுபிடிக்கத் திணறினார்கள். தீப்பெட்டிக்குள் நகையாகத் தெரிவது, இலைக்கு நடுவே ஒளிந்துகொள்ளும் உத்தி.

மினுக்கின் நிலைத்தன்மையை நெசவுக்காரர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலும் ஐதராபாத்திலும் மஸ்லின் துணியில் பொன்வண்டின் இறகுமூடிகளை வெட்டித் தைத்து, ஜரிகையோடு சேர்த்து ஏற்றுமதி செய்தார்கள். 1888இல் லண்டனில் எல்லன் டெர்ரி லேடி மக்பெத் வேடத்தில் உடுத்திய பச்சை அங்கியிலும், 1903 டெல்லி தர்பாரில் வைஸ்ராய் கர்சனின் மனைவி உடுத்திய மயிற்பீலி உடையிலும் இந்த இறகுமூடிகள்தான். இரண்டு உடைகளும் இன்றும் இங்கிலாந்தில் பத்திரமாக இருக்கின்றன. துணி நைந்து பழுது பார்க்க வேண்டி வந்ததே தவிர வண்டின் பச்சை மங்கவில்லை. ஜப்பானில் ஹோர்யூஜி ஆலயத்தில் இருக்கும் 7ஆம் நூற்றாண்டுச் சிறு கோயில் ஒன்று ஆயிரக்கணக்கான பொன்வண்டு இறகுகளால் அலங்கரிக்கப்பட்டது. இறகுகளில் பெரும்பகுதி இப்போது உதிர்ந்துவிட்டது.

வளர்த்த பூச்சி இறந்த பின்னும் வைத்துக்கொள்ளும் பழக்கத்தில் ஜப்பானியர்களை மிஞ்ச ஆளில்லை. அங்கே காண்டாமிருக வண்டும் மான்கொம்பு வண்டும் கடைகளில் விற்கும். தின்னக் கொடுக்க ஜெல்லிகூடத் தனியாக விற்கும். 1999இல் 8 சென்டிமீட்டர் நீள மான்கொம்பு வண்டு ஒன்று ஒரு கோடி யென்னுக்கு விலைபோனதாகச் செய்தி வந்தது. காண்டாமிருக வண்டு கோடை முடியும்போது இறந்துவிடும். கோடை விடுமுறையில் பூச்சிகளைப் பாடம் செய்து பெட்டியில் அடுக்கி, விடுமுறை முடிந்ததும் பள்ளிக்குக் கொண்டுபோவது அங்கே பல தலைமுறைகளாக நடந்துவரும் வீட்டுப்பாடம். நமக்கு வண்டு இருக்கிறது, விடுமுறையும் இருக்கிறது. பெட்டிதான் இல்லை.

பெட்டி செய்வது பெரிய வித்தையில்லை. முதல் எதிரி எறும்பு. பொன்வண்டு இறந்தது தெரிந்ததும் எறும்பு எட்டாத இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தாலே போதும். இறந்து சில நாள் ஆகிவிட்டால் கால்கள் விறைத்து, தொட்டால் ஒடியும். அதனால் முதலில் இளக்க வேண்டும். மூடியுள்ள டப்பாவில் ஈர மணலைப் பரப்பி, பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு சொட்டு டெட்டால் விட்டு, மேலே தாள் விரித்து அதன்மேல் வண்டை வைத்து மூடினால் ஓரிரு நாளில் மூட்டுகள் தளரும். ஆய்வகங்களில் இதே வேலைக்குத் தைமால் போடுவார்கள். ஓமத்துக்கு அந்த வாசனையைக் கொடுப்பதும் தைமால்தான்.

இளகியதும் ஊசி குத்தும் கட்டம். பூச்சி ஊசி 38 மில்லிமீட்டர் நீளம் இருக்கும், துருப்பிடிக்காத எஃகில் செய்தது. தையல் கடைக் குண்டூசியைக் குத்தினால் சில வருடங்களில் துரு ஏறும். பித்தளை ஊசியில் வண்டின் கொழுப்பு பட்டுப் பச்சைக் களிம்பு பிடிக்கும். வண்டினத்தில் ஊசி எப்போதும் வலது இறகுமூடியின் மேல்பாதியில்தான் இறங்க வேண்டும். நடுவில் குத்தினால் இரண்டு மூடிகளும் பிளந்துகொள்ளும். வலப்பக்கம் குத்தினால் இடது பாதி முழுசாக மிஞ்சும். பூச்சியின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் ஆராய்ச்சிக்கு ஒரு பாதி போதும். வண்ணத்துப்பூச்சிக்கு நெஞ்சின் நடுவில் ஊசி. இறக்கைகளை விரித்து, தாள் பட்டையால் அழுத்தி வைத்து உலர்த்த வேண்டும். தெர்மகோல் பலகையில் குத்தி நிறுத்தி, கால்களை ஒழுங்குபடுத்தி, இரண்டு மூன்று வாரம் நிழலில் விட்டால் காய்ந்துவிடும். சித்திரை வெயில் காலத்தில் இந்த ஊரில் இன்னும் சீக்கிரமே காயும். பொன்வண்டு இறக்கும் காலமோ மழைக்காலம். அப்போது டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால்தான் பூஞ்சைக்கு முந்திக்கொள்ளலாம். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

எல்லாப் பூச்சிகளும் பொன்வண்டைப் போல ஒத்துழைப்பதில்லை. கும்பிடுபூச்சி வளர்ப்பவர்கள் இப்போது நகரங்களில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அதன் வயிறு மெத்தென்றிருப்பதால் காயும்போது சூம்பிக் கறுக்கும். வயிற்றை அடிப்பக்கம் கீறிக் குடலை எடுத்துவிட்டுப் பஞ்சு வைக்க வேண்டும், வெட்டுக்கிளிக்கும் அப்படியே. இவற்றின் பச்சை சாயத்தால் வந்தது என்பதால் நாளடைவில் பழுப்பாகும். தட்டானின் கண் நிறம் இறந்த சில மணி நேரத்திலேயே போய்விடும். அசிட்டோனில் ஒருநாள் ஊறவைத்தால் கொழுப்பும் நீரும் வெளியேறி உடல் நிறம் ஓரளவு நிற்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், தெர்மகோலைக் கரைக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். கம்பளிப்புழுவும் சிலந்தியும் ஊசிக்குச் சரிப்படாது. அவற்றுக்கு 70 சதவீத ஆல்கஹால் ஊற்றிய சீசா. கொன்றைச் செடியைச் சுற்றும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளை ஜன்னலோரம் மாட்டிவைத்தால் மஞ்சள் மெல்ல வெளிறும். சாவிக்கொத்தில் தொங்கும் ரெசின் கட்டிக்குள் வண்டை அடைப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. நன்றாகக் காயாத வண்டை அடைத்தால் உள்ளே குமிழியும் பழுப்பும் வரும். அதைவிடப் பெரிய குறை, மறுபடி வெளியே எடுத்து ஆராய முடியாது. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை.

காய்ந்த வண்டைத் தின்னவும் ஒரு வண்டு இருக்கிறது. அருங்காட்சியக வண்டு என்றே அதற்குப் பெயர். குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். ரோமம் போர்த்திய அதன் புழு ஊசியிலிருக்கும் பூச்சியின் உள்ளே புகுந்து தின்றுகொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பெட்டியின் அடியில் மாவு போல உதிர்ந்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது என்று பொருள். பழைய நாளில் இதற்கு ஒரே மருந்து அந்துருண்டை. நாப்தலீன் ஆவி குழந்தைகளுக்கு ஆகாது. பரம்பரையாக ஒருவகை நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். உருண்டை தெர்மகோலைத் தொட்டால் அந்த இடம் உருகிக் குழியாகும். அதனால் அருங்காட்சியகங்கள் இப்போது குளிருக்கு மாறியிருக்கின்றன: பெட்டியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். வீட்டு ஃப்ரீசரே இதற்குப் போதும். ஐஸ்கிரீம் பக்கத்தில் செத்த வண்டை வைக்க அம்மாவிடம் அனுமதி வாங்குவதுதான் இந்த அத்தியாயத்திலேயே கடினமான வேலை.

இதுவரை சொன்னதெல்லாம் ஞாபகப் பொருள் செய்யும் வழி. அது அறிவியலாக மாறுவது ஊசியில் வண்டுக்குக் கீழே குத்தும் ஒரு சின்னச் சீட்டால். ஊர், மாவட்டம், கிடைத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர்; முடிந்தால் எந்த மரத்தில் இருந்தது என்பதும். பால்பாயிண்ட் பேனா மை பரவி மங்கும்; பென்சிலோ கரி மையோ நிற்கும். சீட்டில்லாத பொன்வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அலங்காரப் பொருள்தான். சீட்டுள்ள பொன்வண்டு, கால் ஒன்று ஒடிந்திருந்தாலும், ஒரு சாட்சி.

இங்கிலாந்தின் மிளகு அந்திப்பூச்சிக் கதை பாடப்புத்தகத்தில் வருவது. வெளிர் நிறப் பூச்சி, தொழிற்சாலைப் புகை படிந்த ஊர்களில் கறுப்பாக மாறிய கதை. கறுப்பு வகை மான்செஸ்டரில் முதலில் பதிவானது 1848இல். 1895 வாக்கில் அங்கே 98 சதவீதம் கறுப்பு. பரிணாமம் கண்ணெதிரே நடந்ததற்கு இதைவிடப் பெயர்போன சான்று இல்லை. அந்தச் சான்றுக்கு அடிப்படை, பொழுதுபோக்காகப் பூச்சி சேர்த்தவர்கள் ஊரும் தேதியும் குறித்துவைத்த பழக்கம்.

நம் கரையிலும் இது பழைய வேலை. ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவரான யோகன் கெரார்ட் கேனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். இங்கிருந்து அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கு டென்மார்க்கின் பேப்ரிசியஸ் பெயரிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரையான்களைப் பற்றி 1779இல் கேனிக் கட்டுரையே எழுதினார். நம் புள்ளிப் பொன்வண்டுக்கு லின்னேயஸ் பெயரிட்டது அதற்கும் முன்பு, 1758இல். அவர் இந்தியப் பக்கமே வந்ததில்லை. இறந்த வண்டுதான் அங்கே போனது. 1914இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட ஃப்ளெச்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய பெரிய நூலுக்கும், 1940இல் டி.வி. ராமகிருஷ்ண ஐயர் எழுதிய பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டுக்கும் அடித்தளம், ஊசி குத்திச் சீட்டெழுதிய பெட்டிகளே. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018 மார்ச்சில் திறந்த பூச்சிகள் அருங்காட்சியகத்தில் அத்தகைய பெட்டிகளைப் பொதுமக்களும் பார்க்கலாம். ஏறத்தாழ 5 கோடி ரூபாயில், பூச்சிக்கென்றே கட்டிய கூடம் அது. பிள்ளைகளைக் கோவைக்குக் கூட்டிப்போனால் மருதமலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொன்வண்டு முன்னைப் போல இல்லை என்று கிரிவலப் பாதையோரம் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நினைவை எண்ணி அளக்க முடியாது. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு பள்ளியாவது ஆண்டுக்கு ஒரு பெட்டி என்று தேதி போட்டு வைத்திருந்தால், முதல் வண்டு எந்த வாரம் வந்தது, எந்த மரத்தில் வந்தது, மழை தள்ளிப்போன வருடத்தில் என்ன ஆனது என்று இன்றைக்குக் கணக்குப் போட்டிருக்கலாம். 14 கிலோமீட்டர் பாதையைச் சுற்றி எத்தனையோ பள்ளிகள் இருக்கின்றன. இதற்குச் செலவு ஒரு அட்டைப்பெட்டி.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பெட்டிக்காக வண்டைக் கொல்ல வேண்டாம். தானாக இறந்தது, விளக்குக் கம்பத்தடியில் விழுந்து கிடப்பது, இவையே தாராளம். காட்டுக்குள் போய்ப் பொறுக்க வனத்துறை அனுமதி வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் வண்ணத்துப்பூச்சிகளும் சில வண்டுகளும் உண்டு. ஆடுதின்னாப்பாளைக் கொடியில் முட்டையிடும் சிவப்புடல் அழகி 2022 திருத்தத்துக்கு முன் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இருந்தது. அட்டவணையில் உள்ள உயிரென்றால் செத்த உடலுக்கும் சட்டம் பொருந்தும்.

இரண்டாவது, முட்டை. தீப்பெட்டியில் வைத்த முட்டை வண்டாகி வந்ததாக யாரும் சொல்லக் கேட்டிருக்க மாட்டீர்கள். பொன்வண்டு முட்டையிடும் இடம் மரத்தடி மண். அதிலிருந்து வரும் கால்களில்லாத புழு மண்ணுக்குள்ளேயே வேர்களைத் தின்று மாதக்கணக்கில் வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, அடுத்த மழைக்கு வண்டாக மேலே வருகிறது. தீப்பெட்டியில் வேரும் இல்லை, மண்ணும் இல்லை. ஆகவே உங்கள் பிள்ளையின் பெட்டியில் முட்டை இருந்தால் இன்றைக்கே எடுத்துக்கொண்டுபோய், வண்டு பிடித்த அதே மரத்தடியில், ஓர் அங்குல ஆழத்தில் ஈர மண்ணில் புதைத்துவிடுங்கள். வண்டு இறந்தால் வைத்துக்கொள்ளுங்கள்; ஊசியைத் தேடுவதற்கு முன் சீட்டில் தேதியை எழுதிவிடுங்கள்.